படங்களின் சாட்சியம்: சூழலியல் காட்சிகளும் ரிவாயத்தின் ஒழுங்கும்

சுற்றுச்சூழலைப் பேண வேண்டும் என்னும் உணர்வை இக்கால மக்களின் உள்ளங்களில் ஊன்றியதில் நூல்களைவிடப் படங்களுக்கே பெரும்பங்கு உண்டு என்றால் அது மிகையாகாது. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8 விண்கலத்திலிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்த நிழற்படம், நிலவின் வறண்ட விளிம்புக்கு மேலே நீலப் பூமி எழுவதைக் காட்டியது. நாளிதழ்கள் வழியாகவும் சுவரொட்டிகள் வழியாகவும் அது உலகைச் சென்றடைந்தது. 2015இல் கோஸ்டா ரிகாவின் கடற்பகுதியில், ஓர் ஆமையின் மூக்கினுள் சிக்கியிருந்த பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலை ஆய்வாளர்கள் இடுக்கியால் இழுத்தெடுத்த காட்சிக்கு அச்சகமும் தேவைப்படவில்லை, அஞ்சலும் தேவைப்படவில்லை. இணையத்தில் அது கோடிக்கணக்கானோரின் கண்களை எட்டியது. அடுத்த சில ஆண்டுகளில் உறிஞ்சுகுழல்களுக்கு எதிராகப் பல நாடுகளில் எழுந்த இயக்கத்துக்கு அந்த ஆமையின் வேதனை ஒரு முகவுரை போல அமைந்தது.

இத்தகைய காட்சிகள் பெருகிவிட்ட காலத்தில் அவற்றை மதிப்பிடப் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களே கையாளப்படுகின்றன: எத்தனை பேர் பார்த்தனர், எவ்வளவு உருக்கமாக அமைந்துள்ளது. ஆனால் சூழலியல் படம் ஒரு செய்தியைச் சுமந்து வருகிறது. இன்ன இடத்தில் இன்னது நடந்தது என்று சாட்சி சொல்கிறது. சாட்சியை எடைபோடுவதற்கென்றே நம் முன்னோர் ஒரு கலையை வளர்த்தெடுத்துள்ளனர். முஸ்தலஹுல் ஹதீஸ் என்னும் அக்கலையின் கண்ணாடி வழியாகச் சில புகழ்பெற்ற படங்களைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஹதீஸுக்குரிய கண்ணியத்தை நாம் படங்களுக்கு ஏற்றவில்லை. பொன்னுக்கென்று வைத்திருக்கும் உரைகல்லில் பித்தளையையும் உரசிப் பார்க்கலாம்தானே?

உருவப்படம் பற்றிய ஃபிக்ஹ் விவாதத்தை ஈண்டு விரிக்கப் போவதில்லை. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மது பகீத் அல்-முதீஈ (ரஹ்) அவர்கள், நிழற்படம் என்பது நிழலைப் பிடித்து நிறுத்துவதே எனக் கண்டு, அதனை அனுமதித்துத் தனி நூல் எழுதினார்கள். துணைக்கண்டத்து உலமாக்களில் பலர் அதற்கு உடன்படவில்லை. எக்கருத்தைக் கொண்டவராயினும், இப்படங்கள் நம் பிள்ளைகளின் கைபேசிகளில் நாள்தோறும் வந்திறங்குவதை மறுக்க இயலாது. அவற்றைத் தரம் பிரித்தறியும் கடமை இரு சாராருக்கும் பொதுவானது.

2017 டிசம்பரில் வெளிவந்த பனிக்கரடிக் காணொளியை முதலில் எடுத்துக்கொள்வோம். பால் நிக்லென், கிறிஸ்டினா மிட்டர்மையர் என்னும் ஒளிப்படக் கலைஞர்களும் அவர்களுடைய குழுவினரும் கனடாவின் வட துருவப் பகுதியில் அதனைப் படமாக்கினர். பனியற்ற தரையில், எலும்பும் தோலுமாகிவிட்ட கரடியொன்று பின்னங்கால்களை இழுத்து இழுத்து நடக்கிறது. மனிதர் விட்டுச்சென்ற குப்பையில் உணவைத் தேடுகிறது. பின்னர் சோர்ந்து சாய்கிறது. கல்மனத்தையும் கரைக்கும் காட்சி அது. நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனம் அதற்கு வாசகங்கள் சேர்த்து வெளியிட்டது. பருவநிலை மாற்றத்தின் தோற்றம் இதுவே என்னும் கருத்து முதல் வரியிலேயே இடம்பெற்றது. ‘பருவநிலை மாற்றம்’ என்ற சொல்லுக்கு மட்டும் அந்நிறுவனத்துக்கே உரிய மஞ்சள் வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. ஏறத்தாழ 250 கோடிப் பேரை அக்காட்சி எட்டியிருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள்.

அந்தக் கரடி ஏன் பட்டினி கிடந்தது? முதுமையா, நோயா, காயமா, அல்லது அது வேட்டையாடும் கடற்பனி உருகியதா? படமெடுத்தவர்களுக்கே அது தெரியாது. 2018 ஆகஸ்டில் மிட்டர்மையர் அவ்விதழிலேயே எழுதிய கட்டுரையில் இதனை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். வருங்காலத்தை முன்னுணர்த்தும் ஒரு காட்சியைத் தேடியே சென்றதாகவும், இந்தக் குறிப்பிட்ட கரடிக்கு நேர்ந்தது என்னவென்று அறியோம் என்பதை முழுமையாகச் சொல்லாமல் விட்டது தவறாக இருக்கலாம் என்றும் அவர் எழுதினார். தனது வாசகம் எல்லை மீறிவிட்டது என இதழும் ஏற்றுக்கொண்டது.

நுக்பத்துல் ஃபிகர் ஓதிய மாணவன் இக்குறையை எளிதில் இனங்காண்பான். இங்கே ஸனது அறுபடவில்லை. கண்ணால் கண்டவர்களே அறிவிக்கிறார்கள். ஆனால் பின்வந்த அறிவிப்பாளர் ஒருவரின் விளக்கம் மத்னுக்குள் புகுந்து மத்னாகவே தோற்றமளிக்கிறது. இதற்கு இத்ராஜ் என்று பெயர். வஹீ தொடங்கிய வரலாற்றை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில், ஹிரா குகையில் நிகழ்ந்த ‘தஹன்னுஸ்’ என்ற சொல்லுக்கு வணக்கம் எனப் பொருள் கூறும் பகுதி இமாம் ஸுஹ்ரீ (ரஹ்) அவர்களின் விளக்கம் என்று முஹத்திஸ்கள் பிரித்துக் காட்டியுள்ளனர். விளக்கம் சரியானதுதான், சொன்னவரும் கலையின் தூண்களுள் ஒருவர். அப்படியிருந்தும் கோடு கிழிக்காமல் அவர்கள் விடவில்லை. மஞ்சள் வண்ணத்தில் எழுதப்பட்ட அந்த வாசகத்தை, படத்திலிருந்து பிரித்துக் காட்டும் கோடு எங்கே?

இதனால் விளைந்த தீங்கை யாரும் எளிதில் கணக்கிட முடியாது. பருவநிலை மாற்றத்தையே மறுப்போர் அந்த ஒற்றை வாசகத்தைப் பற்றிக்கொண்டு, அறிவியல் முழுவதும் மிகைப்படுத்தலே என்று முழங்கினர். உண்மையில் வட துருவப் பனியின் தேய்வுக்கு ஒரு கரடியின் சாட்சியம் தேவையே இல்லை. 1979 முதல் செயற்கைக்கோள்கள் ஆண்டுதோறும் அளந்து வருகின்றன. செப்டம்பர் மாதக் கடற்பனிப் பரப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு வீதம் சுருங்கி வந்துள்ளது. பல வழிகளில் வந்து உறுதிப்பட்ட, முதவாதிருக்கு ஒப்பான செய்தி அது. அதனை நிலைநாட்ட முத்ரஜ் ஒன்றைத் துணைக்கழைத்ததில் என்ன இலாபம் என்பது நமக்கு விளங்கவில்லை.

நல்ல நோக்கத்துக்காகச் சற்றே கூட்டிச் சொன்னால் என்ன என்று கேட்போர் உண்டு. இக்கேள்வி நம் வரலாற்றுக்குப் புதிதன்று. மர்வ் நகரின் காழியாக இருந்த நூஹ் இப்னு அபீ மர்யம் குர்ஆனின் ஒவ்வொரு சூராவின் சிறப்பைப் பற்றியும் ஹதீஸ்களைப் புனைந்தார். காரணம் கேட்டபோது, மக்கள் குர்ஆனைவிட்டு அபூ ஹனீஃபாவின் ஃபிக்ஹிலும் இப்னு இஸ்ஹாக்கின் போர் வரலாறுகளிலும் மூழ்கிவிட்டதைக் கண்டு, நன்மை கருதியே அவ்வாறு செய்ததாகக் கூறினார் என உஸூல் நூல்கள் குறிப்பிடுகின்றன. அவரது நோக்கத்தை யாரும் ஐயுறவில்லை. ஆயினும் முஹத்திஸ்கள் அவரைப் பொய்யர் பட்டியலில்தான் வைத்தார்கள். நேஷனல் ஜியாகிரபிக்கையும் நூஹையும் ஒரே தட்டில் நிறுத்துவது அநீதியாகும். முன்னது தன் பிழையைத் திருத்திக்கொண்டது. ஆனால் இருவரும் நுழைந்த வாசல் ஒன்றே.

ஸனதே அறுந்த படங்களும் உண்டு. 2019 ஆகஸ்டில் அமேசான் காடுகள் பற்றியெரிந்தபோது, பிரெஞ்சு அதிபர் மக்ரோன் உலகின் மனச்சான்றைத் தட்டியெழுப்பும் வகையில் ஒரு படத்தை வெளியிட்டார். அதை எடுத்தவர் லாரன் மெக்கின்டயர் என்னும் ஒளிப்படக் கலைஞர். அவரோ 2003இலேயே காலமாகிவிட்டவர். அறிவிப்பாளர்களின் பிறப்பு இறப்பு ஆண்டுகளை நம் முஹத்திஸ்கள் ஏன் அவ்வளவு அக்கறையுடன் தொகுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை. காட்டுத்தீ உண்மை, அக்கறையும் உண்மை. படம் மட்டும் வேறு காலத்துக்குரியது. பிரேசிலின் அப்போதைய அதிபர் போல்சனாரோவுக்கு அது போதுமானதாக இருந்தது. காடு எரிவதைப் பற்றிய பேச்சை, படம் போலியா என்ற பேச்சாக மாற்றிவிட்டார்.

மேற்கூறியவற்றுக்கு நேர்மாறாக நிற்கும் ஒரு படைப்பு, நம் கருத்தில், கிறிஸ் ஜோர்டன் மிட்வே தீவில் எடுத்த நிழற்படத் தொடராகும். வட பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹொனலுலுவிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பவளத்தீவு அது. 1942இல் அமெரிக்க, ஜப்பானியக் கடற்படைகள் மோதிய இடம் என்றே முந்தைய தலைமுறை அதனை அறியும். ஆல்பட்ராஸ் பறவைகள் இலட்சக்கணக்கில் வந்து குஞ்சு பொரிக்கும் இடமும் அதுவே. 2009இல் அங்கு சென்ற ஜோர்டன், இறந்து மட்கிய குஞ்சுகளைக் கண்ட நிலையிலேயே படமெடுத்தார். சிறகுகளும் எலும்புகளும் ஒரு கூடுபோலச் சூழ்ந்திருக்க, நடுவே வயிறு இருந்த இடத்தில் போத்தல் மூடிகள், தீமூட்டிகள், வண்ண வண்ணத் துண்டுகள். உடல் மண்ணாகிவிட்டது, பிளாஸ்டிக் மட்டும் அன்று வாங்கியது போல் பளபளக்கிறது.

ஆல்பட்ராஸ் கடற்பரப்பைத் துழாவி இரை தேடும் பறவை. கடலில் மிதக்கும் பொருள்களில் பறக்கும் மீன்களின் முட்டைகள் ஒட்டியிருப்பது வழக்கம். தாயும் தந்தையும் அவற்றை விழுங்கி வந்து குஞ்சின் வாயில் கக்கி ஊட்டுகின்றன. ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மிதந்தவை மரத்துண்டும் எரிமலைக் கல்லும்தான். இப்போது மிதப்பது நம் வீட்டுக் குப்பை. ஈன்றவை அன்போடு ஊட்டுவதே பிளாஸ்டிக்காக இருக்கிறது. இதனை விளக்க ஜோர்டன் அந்தப் படங்களின் மேல் ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவர் எழுதியது வேறொன்று. படங்களில் காணும் பிளாஸ்டிக் துண்டு எதையும் தாம் நகர்த்தவோ, வைக்கவோ, அடுக்கவோ, மாற்றவோ இல்லை என உறுதிமொழி போன்றதொரு குறிப்பைத் தொடருடன் சேர்த்தார். ‘கேட்டேன்’ என்பதற்கும் ‘எனக்கு அறிவிக்கப்பட்டது’ என்பதற்கும் இடையே உள்ள நுட்பமான வேறுபாட்டைக்கூட விட்டுக்கொடுக்காத அறிவிப்பாளர் மரபில் வந்தவர்களுக்கு, இக்குறிப்பு படத்துக்கு நிகரான மதிப்புடையது. வண்ணங்கள் அத்துணை நேர்த்தியாக அமைந்திருப்பதைக் காண்பவர், யாரோ அடுக்கி வைத்ததாகவே ஐயுறுவார். அந்த ஐயம் எழுமென்று அறிந்தே அவர் ஸனதைப் படத்தோடு கட்டி அனுப்பினார்.

இப்படங்களையும் அளவோடுதான் ஏற்க வேண்டும். ஒவ்வொரு குஞ்சும் பிளாஸ்டிக்கால்தான் இறந்தது என்று படம் நிறுவவில்லை. ஆல்பட்ராஸ் குஞ்சுகள் பசியாலும் நீரிழப்பாலும் இயல்பாகவே பெரும் எண்ணிக்கையில் மடிகின்றன. மிட்வேயின் பழைய இராணுவக் கட்டடங்களிலிருந்து உதிர்ந்த ஈயப் பூச்சைத் தின்று இறந்த குஞ்சுகளும் உண்டு. படம் சாட்சி சொல்வது ஒன்றைத்தான்: மனித நடமாட்டம் அரிதான அத்தீவில், பறக்கவும் கற்காத ஒரு குஞ்சின் வயிற்றுக்குள் நம் போத்தல் மூடி சென்று சேர்ந்திருக்கிறது. இதை மறுக்க யாராலும் இயலாது. 2018இல் இதே பொருளில் ‘ஆல்பட்ராஸ்’ என்னும் ஆவணப்படத்தை அவர் கட்டணமின்றி இணையத்தில் வெளியிட்டார். அப்படத்தின் நீளம் சிலரைச் சோர்வடையச் செய்யும். விவரிப்புக் குரல் சில இடங்களில் தேவைக்கு மேல் பேசுகிறது என்பதும் நம் அபிப்பிராயம். நிழற்படங்களின் மௌனத்துக்கு அது ஈடாகவில்லை.

இங்கே அபூதாவூதில் அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. பயணமொன்றில் தோழர்கள் சிறு பறவையொன்றின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைக் கண்டு, அதன் குஞ்சுகளைக் கவர்ந்து அதனைத் துயருறுத்தியவர் யார் என வினவி, திருப்பித் தருமாறு பணித்தார்கள். அறிவிப்பாளர் பறவையின் உள்ளத்துக்குள் புகுந்து எதையும் வருணிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கண்ட சிறகடிப்பைச் சொன்னார், கேட்ட சொல்லைச் சொன்னார். பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அந்தச் சிறகொலி நமக்குக் கேட்கிறது.

உயிருருவமே இல்லாத ஒரு படமும் இவ்வரிசையில் இடம்பெறத் தக்கது. ரெடிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட் ஹாக்கின்ஸ் 2018இல் உருவாக்கிய வெப்பக் கோடுகளில் ஒவ்வொரு கோடும் ஓர் ஆண்டின் சராசரி வெப்பத்தைக் குறிக்கிறது. குளிர்ந்த ஆண்டுகள் நீலம், வெப்ப ஆண்டுகள் சிவப்பு. எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. இடமிருந்து வலமாக நீலம் மெல்லச் சிவந்துகொண்டே போகிறது. பள்ளிவாசல் சுவர்களின் வடிவக்கோலங்களைக் கண்டு பழகிய நமக்கு, உருவமின்றி உண்மையுரைக்கும் இக்கலை அந்நியமாகத் தோன்றாது. நம் அறிஞர்கள் ஏன் இதனைக் கண்டுகொள்ளவில்லை என்பது வியப்பே.

தமிழகத்துக்கு வருவோம். கோடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் நடத்திய வெப்பமானித் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, டன் கணக்கில் பழைய பொருள் கடையொன்றில் கண்டெடுக்கப்பட்டதும் 2001இல் ஆலை மூடப்பட்டது. அதன் பின்னர்த் தொழிலாளர்கள் நடத்திய நெடிய போராட்டத்தை வெளியுலகம் பெரிதும் கவனிக்கவில்லை. 2015 ஜூலை இறுதியில் சென்னையைச் சேர்ந்த சோஃபியா அஷ்ரஃப் ஓர் அமெரிக்கப் பாடகியின் மெட்டில் பாடிய காணொளி இணையத்தில் பரவி, சில நாட்களில் இலட்சக்கணக்கானோரை ஈர்த்தது. 2016 மார்ச்சில் நிறுவனம் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் உடன்பாடு கண்டது. அவர்களது நோய்களுக்குத் தொழிற்சாலை காரணமன்று என்ற தன் நிலையை மட்டும் அது மாற்றிக்கொள்ளவில்லை. அம்மெட்டும் அதன் பாணியும் நம் ரசனைக்கு உகந்தவையல்ல. இசை பற்றிய மஸ்அலாவும் இருக்கவே செய்கிறது. இருப்பினும் நேர்மையாகக் கூறினால், அக்காணொளி காற்றில் நிற்கவில்லை. அதன் பின்னால் பதினான்கு ஆண்டுகளின் மனுக்களும் மண் ஆய்வுகளும் தொழிலாளர்களின் வாக்குமூலங்களும் இருந்தன. அவை இல்லாதிருந்தால் அது ஒரு வாரக் கேளிக்கையாக முடிந்திருக்கும்.

இனி நம் சமூகத்தார் உருவாக்கும் சூழலியல் படங்களைப் பற்றியும் கூற வேண்டும். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் பருவநிலை மாற்றம் குறித்த இஸ்லாமியப் பிரகடனம் வெளியானது. 2024 பிப்ரவரியில் நைரோபியில் ‘அல்-மீஸான்’ உடன்படிக்கை வெளியிடப்பட்டது. இவை கனமான ஆவணங்கள். ஆனால் பொதுமக்களின் கைபேசிக்கு வந்து சேர்வது என்ன? பச்சைக் குவிமாடம், உள்ளங்கையில் ஒரு செடி, மேலே ஒரு ஹதீஸ். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்னும் கருத்துடைய ரிவாயத்து இவற்றில் அடிக்கடி தென்படுகிறது. இப்னு மாஜாவில் உள்ள அதன் ஸனதில் இப்னு லஹீஆ இடம்பெறுவதால் அது பலவீனமானது என அறிஞர்கள் கூறியுள்ளனர். படத்தை வடிவமைத்தவர் நூலின் பெயரைக்கூட எழுதுவதில்லை.

பலவீனமான ஹதீஸை நற்செயல்களின் சிறப்பு விஷயத்தில் எடுத்தாள ஹாஃபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் விதித்ததாக இமாம் ஸகாவீ (ரஹ்) அறிவிக்கும் நிபந்தனைகள் மூன்றையும் அரபுக் கல்லூரி மாணவர் அறிவர். பலவீனம் கடுமையானதாக இருத்தல் கூடாது; அது ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு மூலவிதியின் கீழ் வர வேண்டும்; செயல்படுபவர் அது நபி (ஸல்) அவர்களின் சொல்லென்று உறுதியாக நம்பிவிடலாகாது. ஆற்றங்கரை ரிவாயத்து இரண்டாம் நிபந்தனையை எளிதில் நிறைவேற்றுகிறது. இரு கை கொள்ளும் அளவான ஒரு ‘முத்’ நீரில் அண்ணலார் (ஸல்) உளூச் செய்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. அப்படியிருக்க, நம் வடிவமைப்பாளர் ஏன் அந்த ஸஹீஹான செய்தியையே படமாக்கலாகாது? திறந்துவிட்ட குழாயருகே ஒரு சிறு கிண்ணம் போதும். பச்சைக் குவிமாடத்தைவிட அது ஆழமாகப் பேசும்.

மூன்றாம் நிபந்தனை இன்று கணினியே வரைந்து தரும் படங்களுக்கும் பொருந்துகிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றியெரிந்தபோது, ஹாலிவுட் பெயர்ப்பலகை தீயில் மூழ்குவதாகக் காட்டும் படங்கள் உலகெங்கும் பரவின. அப்பலகை எரியவே இல்லை. வரைந்தது எனச் சொல்லி வரைவதை நாம் குறை கூறவில்லை. இப்னுல் முகஃப்பஃ அரபியில் தந்த கலீலா வதிம்னாவில் நரிகள் பேசுகின்றன. எந்த முஹத்திஸும் அதனைப் பொய்யென்று தள்ளவில்லை. மஸல் வேறு, கபர் வேறு. உவமைக்கு யாரும் ஸனது கேட்பதில்லை. கபரின் உடையில் வரும் மஸலே ஆபத்தானது.

2018 நவம்பரில் பிரிட்டனின் ஐஸ்லாண்ட் அங்காடி நிறுவனம் வெளியிட முயன்ற ‘ராங்-டான்’ இத்தகைய வெளிப்படையான உவமைதான். ஒரு சிறுமியின் அறைக்குள் ஓர் ஒராங்குட்டான் குட்டி புகுந்து சேட்டை செய்கிறது. ஏன் வந்தாய் என அவள் கேட்க, பாமாயிலுக்காகத் தன் காடும் தாயும் அழிந்த கதையைச் சொல்கிறது. கிரீன்பீஸ் அமைப்பின் தயாரிப்பு என்பதால் அரசியல் விளம்பர விதியைக் காட்டித் தொலைக்காட்சியில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறுப்பே விளம்பரமாகி இணையத்தில் கோடிக்கணக்கானோர் பார்த்தனர். சித்திரம், குரல், கதை ஆகிய எல்லாவற்றிலும் குறை காண்பதற்கில்லை. எவரும் அதனை நடந்த நிகழ்ச்சியென்று நம்பவுமில்லை. ஆனால் உவமையோடு ஒரு வாக்குறுதியும் இணைந்திருந்தது: தன் பெயரில் விற்கும் பொருட்களில் 2018 இறுதிக்குள் பாமாயிலை விலக்கிவிடுவதாக அங்காடி கூறியிருந்தது. 2019 தொடக்கத்தில் பிபிசி ஆராய்ந்தபோது தெரியவந்தது இதுதான்: சில பொருட்களிலிருந்து பாமாயில் நீங்கவில்லை; அவற்றின் உறையிலிருந்து அங்காடியின் பெயர்தான் நீங்கியிருந்தது.